ஞாயிற்றுக்கிழமை பியர் கேட்க வேண்டாம்

ரொம்மன், ஒஸ்லோ
2.2.2003, ஞாயிறு

அன்புள்ள பரமு அண்ணைக்கு,

உங்கள் தங்கச்சி கமலாதேவி எழுதுவது. முழங்கால் அளவு பனிக்குள் நின்றாலும் நானும் அவரும் நல்ல சுகம். நீங்களும் சிவமலர் மச்சாளும் சுகம் என்று அறிந்தால் எனக்குப் பாதிக் குளிர் போய்விடும்.

அண்ணை, கடை திறந்தாயிற்று! ரொம்மன் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, எண்பது சதுர மீற்றர். அரிசி, மிளகாய்த்தூள், உறைந்த மீன், பால், பாண், ரெலிபோன் காட். அவர் விடியவே ஹோட்டல் சமையலறை வேலைக்குப் போய்விடுவார். பிறகு கடை முழுக்க என் ராச்சியம். இரண்டரை வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வந்தபோது பால் என்ற சொல்கூடத் தெரியாமல் கடையில் கையால் மாடு கறந்து காட்டியவள் நான். இப்போது என்னிடம் வந்து சனம் பால் கேட்கிறது.

இன்னும் இருக்கிறது கேளுங்கோ. பியர் விற்க அனுமதி கேட்டிருக்கிறோம். இங்கே நினைத்தவுடன் விற்க ஏலாது. நகரசபை ஒரு சட்டச் சோதனை வைக்கும். பொறுப்பாளரும் பாஸ் பண்ண வேண்டும், துணைப் பொறுப்பாளரும் பாஸ் பண்ண வேண்டும். அவர் பாஸ். துணைப் பொறுப்பாளர் நான், இம்மாதம் இருபதாம் திகதி எனக்குச் சோதனை. கிழமை நாட்களில் இரவு எட்டு மணிவரை விற்கலாம், சனி ஆறு மணிவரை. ஞாயிறும் பெருநாட்களும் ஒரு போத்தலும் கடையை விட்டு வெளியே போகக்கூடாது. கடை திறந்திருக்கலாம், எல்லாச் சாமானும் விற்கலாம், பியருக்கு மட்டும் பூட்டு. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு.

நீங்கள் அனுப்பிய சுன்னாகத்துக் கலண்டர் பத்திரமாக வந்தது. காசு மெசினுக்குப் பின்னால் சுவரில் கொழுவியிருக்கிறேன். என் நாளெல்லாம் அதைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

அண்ணை, கட்டுநாயக்காவில் என்னை விமானம் ஏற்றிய அன்று, "நீ யோசியாமல் போ, நான் இனி அதைத் தொடமாட்டன்" என்று சொன்னீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் மச்சாளை உங்களோடு விட்டுவிட்டு வந்தேன். குடியைத் தொடாமல்தானே இருக்கிறீர்கள்? பியர் விற்கப் போகிறவள் இதைக் கேட்பது பகிடிதான். கேட்காமலும் இருக்க முடியவில்லை. ரெலிபோன் காட் விற்பவள்தான் நான், ஆனால் ரெலிபோனில் நீங்கள் "ம்", "ஓம்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. அதனால் கடிதமே போடுங்கோ.

சோதனைக்கு நல்லூர்க் கந்தனிடம் எனக்காக ஒரு சொல் சொல்லிவிடுங்கோ.
அன்புத் தங்கை,
கமலா

சுன்னாகம்
16.2.2003

என் சட்டத்தரணித் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயிலும் சுகம், நுளம்பும் சுகம். நீயும் யோகலிங்கமும் குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பால் கறந்து காட்டிய கதையைப் பக்கத்துக் கடைக்காரனுக்கும் வாசித்துக் காட்ட, அவன் சிரித்து அழுதே விட்டான். பொல்லாத ஆள் நீ.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் என்ன சட்டம், அம்மா? வெள்ளைக்காரன் என்றால் சுதந்திரம் என்றல்லவோ நினைத்திருந்தேன். வளர்ந்த மனிதன் தன் காசில் ஞாயிற்றுக்கிழமை என்ன குடிப்பது என்று அரசாங்கமா சொல்வது? இங்கேயும் அப்படி ஒன்று இருக்கிறது. முழுநிலாப் பறுவத்தன்று போயா என்று நாடு முழுக்கச் சாராயக் கடையையும் கள்ளுத் தவறணையையும் பூட்டிவிடுவார்கள். புத்தர் பிறந்ததற்குச் சைவக்காரன் ஏன் தாகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு வேலை தலைக்கு மேல். சண்டை நின்றதும் சந்திக்குச் சந்தி புதுக் கடை, ஒவ்வொரு கடைக்கும் பெயர்ப்பலகை எழுத நான்தான். மச்சாள் உன்னை விசாரித்தாள். சோதனையில் பாஸ் பண்ணாமல் எனக்குக் கடிதம் போடாதே.

உன் மேல் அன்புள்ள அண்ணன்,
பரமநாதன்

ரொம்மன்
4.3.2003

அன்பான அண்ணை,

மூக்கு மட்டும் சளி, மற்றப்படி சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்குக் கொளுத்திவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முப்பது கேள்வியில் இருபத்தொன்பது சரி! அவருக்கு இருபத்தாறுதான். வீட்டில் மூன்று நாளாக அவர் என்னோடு அளந்துதான் கதைக்கிறார். அனுமதிப் பத்திரத்தில் துணைப் பொறுப்பாளர் கமலாதேவி யோகலிங்கம் என்று அச்சடித்து வந்திருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு அதைக் கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

பியர் அலுமாரியும் வந்துவிட்டது. மேலே ஒரு சாம்பல் நிறத் திரை சுருண்டிருக்கும். நேரம் முடிந்ததும் இழுத்துக் கீழே பூட்ட வேண்டும். அந்தப் பூட்டின் திறப்பு என் கழுத்தில், தாலிக்கொடியோடு. நோர்வேக்காரர் திரையைக் கண்டதும் பேசாமல் போய்விடுகிறார்கள். எங்கள் ஆட்கள்தான், கடவுளே! மன்னார்ச் செபஸ்ரியன் அண்ணை என்று ஒருவர், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நேரே என் கடைக்கு வருவார். "தங்கச்சி, கர்த்தரே தண்ணியை வைன் ஆக்கிக் குடுத்தவர். நீ ஒரு பியர் தரமாட்டியோ?" என்று ஒரு மணித்தியாலம் நின்று வாதாடுவார். நல்ல மனிதர், சனிக்கிழமை வாங்கி வைக்க மட்டும் மறந்துவிடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகையால் அண்ணை, எனக்கு ஒரு பலகை எழுதித் தாங்கோ. இரண்டு அடி நீளம் போதும். "ஞாயிறும் பெருநாளும் பியர் இல்லை" என்று உங்கள் குண்டு எழுத்தில். கடுதாசியில் நான் எழுதி ஒட்டினேன், யாரும் பொருட்படுத்தவில்லை. உங்கள் எழுத்தென்றால் நின்று வாசிப்பார்கள்.

மச்சாளுக்கு என் முத்தங்கள். பலகைக்குக் காத்திருக்கும்,
கமலா

சுன்னாகம்
18.3.2003

இருபத்தொன்பது எடுத்த தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறோம். உன் சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, அதற்கு அங்கே தடை இருக்காது என்று நினைக்கிறேன்.

ஊர் முழுக்க உன் சோதனைக் கதையைச் சொல்லிவிட்டேன். எனக்கே பட்டம் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறேன்.

பலகை மட்டும் எழுத மாட்டேன். கோபிக்காதே. சவர்க்காரத்துக்குத் தடை, பற்றரிக்குத் தடை, மெழுகுதிரிக்குத் தடை என்று இருந்த காலம் உனக்கு மறந்துபோச்சோ? ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிடாதே, சைக்கிளில் இரண்டு பேர் போகாதே, இதையெல்லாம் இருபது வருடம் ஒருவன் துவக்கோடு நின்று எங்களுக்குச் சொன்னான். இப்போதுதான் மூச்சு விடுகிறோம். மனிதனுக்கு எது கூடும் எது கூடாது என்று இன்னொருவன் போடும் பூட்டுக்கு என் தூரிகை எழுத்துப் போடாது. செபஸ்ரியனுக்கு என் வணக்கம் சொல். அவர் கட்சிதான் நானும்.

வேறு என்ன பலகை வேண்டுமென்றாலும் கேள்.
அண்ணன்,
பரமநாதன்

ரொம்மன்
6.4.2003, ஞாயிறு

பிடிவாதக்கார அண்ணைக்கு,

இங்கே பனி உருகுகிறது, நாங்களும் தேகசுகத்தோடு இருக்கிறோம். உங்களுக்கும் அப்படியே அமைய வேண்டும்.

உங்கள் கடிதத்தைச் செபஸ்ரியன் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். மனிதர் கை தட்டினார். கடைக்குள் பெரிய பட்டிமன்றமே நடந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன். துவக்கோடு நின்றவன் எங்களைக் கேட்டுச் சட்டம் போடவில்லை. இங்கே அவர்கள் தாங்களே வாக்குப் போட்டுத் தங்களுக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் மாற்றவும் அவர்களால் முடியும், அதுவும் சுதந்திரம்தானே? அதற்கு அவர், "இருபத்தொன்பது எடுத்த ஆளோடை என்னால கதைக்கேலாது" என்று பாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். ஞாயிறு காலையில் வரும் சில பெண்கள் முதலில் அந்தத் திரையைத்தான் பார்க்கிறார்கள். பூட்டியிருப்பதைக் கண்டபிறகுதான் ஆறுதலாக மரக்கறி தெரிந்தெடுக்கிறார்கள். சோதனைப் புத்தகத்தில் இது எழுதியிருக்கவில்லை.

அதனால் பலகை எனக்கு வேண்டும். வேறு யாரிடமும் கேட்க மாட்டேன், உங்களிடம்தான் கேட்பேன். இங்கே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கும் அருள்நாயகி அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறா. திரும்பும்போது கொண்டு வருவா. அதற்குள் எழுதி வையுங்கோ.

மச்சாள் முந்தி உங்கள் கடிதத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுவா. இப்போது ஒன்றையும் காணோம். ஏன்?

விடாப்பிடித் தங்கச்சி,
கமலா

சுன்னாகம்
16.4.2003

அன்புத் தங்கச்சிக்கும் யோகலிங்கத்துக்கும்,

வருடப் பிறப்புக்கு மருத்துநீர் வைத்து முழுகினோம், கைவிசேடம் கொடுத்தோம், எல்லாரும் சுகம். உங்கள் கடைக்கு இந்த வருடம் நல்ல வருடமாக அமையட்டும்.

சரி, தோற்றுவிட்டேன். எழுதித் தருகிறேன். வாக்குப் போட்டுப் பூட்டிய பூட்டு என்று சொன்னாயே, அதை இரண்டு நாள் யோசித்தேன். நல்ல வேப்பம் பலகை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளைப் பூச்சு அடித்துக் காய வேண்டும், நல்ல சிவப்பு மை கொழும்பில் இருந்து வர வேண்டும், வேறு வேலைகளும் குவிந்து கிடக்கின்றன. அவசரப்படாதே, ஆவணி தூரத்தில் இருக்கிறது.

மச்சாளுக்குக் கண் கொஞ்சம் நோ. அதுதான் எழுதவில்லை.

அண்ணன்,
பரமநாதன்

ரொம்மன்
30.5.2003, வெள்ளி

என் அண்ணை,

உடம்பு சுகம், மனம் மத்தளம் கொட்டுகிறது. நீங்கள் அங்கே சுகம்தானே? பலகைக்கு வெள்ளை அடித்துவிட்டேன் என்று நீங்கள் 15ஆம் திகதி எழுதியது முந்தாநாள் கிடைத்தது. இப்போது என் கதையைக் கேளுங்கோ.

நேற்று வியாழக்கிழமை. அவர் வழமைபோல் வேலைக்குப் போய்விட்டார். நான் கடையைத் திறந்தால் சனம் கும்மென்று வருகிறது. பெரிய கடை ஒன்றும் திறக்கவில்லையாம். ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை, எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. கலண்டரைப் பார்த்தேன், வியாழன் கறுப்பு எழுத்து, சாதாரண நாள். திரையை மேலே சுருட்டிவிட்டு விற்கிறேன், விற்கிறேன், அப்படி ஒரு வியாபாரம். பத்துப் பேருக்கு மேல் பியர் வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் வழமையை விட அன்பாக நன்றி சொன்னார்கள்.

பதினொன்றரைக்குச் செபஸ்ரியன் அண்ணை கோட்டும் ரையுமாக வந்தார். "இண்டைக்கு ஞாயிறு இல்லை, எடுங்கோ அண்ணை, வேண்டிய அளவுக்கு எடுங்கோ" என்று நானே கையைக் காட்டினேன். மனிதர் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போய்த் தன் கையாலேயே திரையை இழுத்துவிட்டார்.

"தங்கச்சி, இண்டைக்குக் கர்த்தர் விண்ணேறின நாள். நாடு முழுக்கப் பெருநாள். உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

கழுத்துத் திறப்பை எடுத்துத் திரையைப் பூட்டினேன். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இந்த நாளில் மொழிப் பள்ளி லீவு விட்டது. ஏன் விடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. எங்கள் கலண்டரில் பிள்ளையார் கதை தொடங்கும் நாள் இருக்கிறது, ஏகாதசி இருக்கிறது, போயா இருக்கிறது, பெரிய வெள்ளி இருக்கிறது. கர்த்தர் மேலே போன வியாழக்கிழமை இல்லை! முப்பதில் இருபத்தொன்பது எடுத்து என்ன பயன்?

யாரும் காணவில்லை, பேசாமல் இரு என்கிறார் செபஸ்ரியன் அண்ணை. என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். நாங்களே போய்ச் சொன்னால் பியர் அனுமதியைப் பறிப்பார்கள், அதோடு கடையும் படுத்துவிடும் என்று பயப்படுகிறார். ஆனால் அண்ணை, வருகிற ஞாயிறு யாராவது கேட்டால் எந்த வாயால் நான் இல்லை என்று சொல்வது? நகரசபைக்கு நானே கடிதம் எழுதப் போகிறேன். அவர் என்னைப் பார்த்து, "கமலா, உனக்கென்ன விசரோ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கோ.
கமலா

ரொம்மன்
12.6.2003

அண்ணை,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்று கேட்கிறேன்.

நகரசபைக்குக் கடிதம் எழுதி முடித்தேன். என் சொல்லை நம்புவார்களோ என்று மே மாதத் தாளையும் பிரதி எடுத்து வைக்க நினைத்துக் கலண்டரைச் சுவரில் இருந்து கழற்றினேன். அது யாழ்ப்பாணத்தில் இருந்து தபாலில் வந்தது என்று காட்ட உங்கள் கடிதக் கட்டையும் எடுத்தேன். இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

பெப்ரவரி 16. மார்ச் 18. ஏப்ரல் 16. மே 15. நீங்கள் எழுதிய நாலு நாளிலும் கலண்டரில் வட்ட நிலாப் படம் இருக்கிறது. தற்செயல் என்று நினைத்தேன். பெட்டிக்குள் தாள் சுற்ற வைத்திருந்த போன வருடக் கலண்டரையும் இழுத்து எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே. போன வருடத் தொடக்கத்தில் இருந்து எனக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் போயா அன்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

போயா அன்றுதான் அங்கே எல்லாம் பூட்டு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மற்ற இருபத்தெட்டு நாளும் என்ன நடக்கிறது, அண்ணை? மச்சாளுக்குக் கண் எதனால் நோ? வெள்ளை அடித்த பலகையில் ஏன் இன்னும் ஒரு எழுத்தும் விழவில்லை? மையால் இல்லை, உங்கள் கையால்தான் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. சுதந்திரம் சுதந்திரம் என்று எனக்கு எழுதினீர்களே, அதை ஒவ்வொரு முறையும் அரசாங்கம் கதவைப் பூட்டிய நாளில்தான் எழுதியிருக்கிறீர்கள். திறந்திருக்கும் நாளில் உங்களால் எனக்கு ஒரு வரி எழுத முடியவில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம். அதைவிடக் கூட உங்கள் மேல் பாசம். என்னை வளர்த்த கை அது. நான் என் பிழையை நகரசபைக்கு ஒளிக்காமல் எழுதிவிட்டேன். நீங்கள் எனக்கு எழுதுங்கோ.

கமலா

சுன்னாகம்
14.6.2003

விண்ணேறிய தங்கச்சிக்கு,

இங்கே அனைவரும் நலம், உன் மத்தளம் இப்போது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மே மாதக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நகரசபையைக் கலண்டர்க்காரன் மேல் வழக்குப் போடச் சொல்! ஆனால் நீ எழுதினது சரிதான். நீ எப்போதும் அப்படித்தான், சின்னனில் மாங்காய் களவெடுத்துவிட்டு நீயே போய்ச் சொல்லி அடி வாங்குவாய்.

பலகை கிட்டத்தட்ட முடிந்தது. மச்சாளும் நல்ல சுகம். ஒன்றுக்கும் யோசியாதே.

அண்ணன்,
பரமநாதன்

ரொம்மன்
3.8.2003, ஞாயிறு

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகம் அறியாமல் தவிக்கிறேன்.

உங்கள் 14ஆம் திகதிக் கடிதம் வந்தது. என் கடிதமும் அதுவும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. அதன் திகதியைக் கலண்டரில் பார்த்தேன், அதுவும் போயாதான்.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஜூலைப் பறுவம் போய்விட்டது. முதலில் கடிதம் வந்தால் பயந்தேன், இப்போது வராமல் பயப்படுகிறேன். கூடக் கதைத்துவிட்டேனோ என்று யோசிக்கிறேன். ஆனால் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கமாட்டேன்.

நகரசபையில் இருந்து பதில் வந்தது, அண்ணை. ஒரு எச்சரிக்கை மட்டும்! அனுமதி எங்களிடமே இருக்கிறது. நோர்வேக் கலண்டர் ஒன்றும் அதே உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், பெருநாட்களுக்குப் பேனையால் வட்டம் போட்டு. நான் கடைக்குள் துள்ளிக் குதித்ததைப் பார்த்துச் செபஸ்ரியன் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் எனக்கு நேரே புகழமாட்டார், ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் "என்ரை மனிசி" என்று அந்தக் கடிதத்தைக் காட்டுகிறார். இப்போது இரண்டு கலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.

பலகை வேண்டாம், அண்ணை. வெறும் கடிதம் ஒன்று போதும், எந்த நாளில் எழுதினாலும்.
கமலா

சுன்னாகம்
10.8.2003

அன்பான மச்சாள் கமலாவுக்கு,

நான் சுகம். என் கண்ணும் சுகம், அதற்கு எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. நீங்கள் இருவரும் சுகமாயிருக்க அம்மன் துணை.

உங்கள் ஆனி மாதக் கடிதத்தை இவர் வாசித்துவிட்டு எனக்குக் காட்டவில்லை. தலையணைக்குக் கீழ் இருந்ததை நானே எடுத்து வாசித்தேன். கீழே எழுத விடாமல் ஒட்டித் தபாலில் போட்டுவிடுவார், அதனால்தான் நான் எழுதாமல் இருந்தேன். எழுதினால் பொய் எழுத வேண்டும், அதுவும் எனக்கு விருப்பமில்லை.

என்ன நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அதை அவர்தான் எழுத வேண்டும். காலையில் இவர் பலகை எழுதும் கொட்டிலுக்குள் இருந்து பெயின்ற் கரைக்கும் தின்னர் மணக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

அன்புடன் மச்சாள்,
சிவமலர்

சுன்னாகம்
20.8.2003, புதன்

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் என்று எழுத வந்தேன். அந்தச் சொல்லை இனி உண்மையாக இருந்தால்தான் எழுதுவேன். உடம்பு இன்னும் முழுச் சுகமில்லை. உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஒவ்வொரு நாளும் வேண்டுகிறேன்.

நீ கண்டுபிடித்தது எல்லாம் சரி. உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்றே தொடங்கிவிட்டேன். பறுவத்தன்று மத்தியானம் வெறி முறிந்து கை நிலைக்கு வரும், அப்போது உனக்கு எழுதுவேன். உனக்கு அனுப்பும் கலண்டரில் அந்த நாட்கள் சிவப்பில் இருக்குமே என்று எனக்கு ஒருநாளும் படவில்லை, பார். பெயர்ப்பலகை வேலை தலைக்கு மேல் என்று எழுதியதும் பொய். ஒன்றரை வருடமாக ஒருவரும் எனக்கு வேலை தருவதில்லை.

ஜூலைப் பறுவத்திலும் பேனையை எடுத்தேன். திகதி போட்டவுடன் வெட்கம் வந்துவிட்டது. பூட்டிய நாளில் இனி உனக்கு எழுதுவதில்லை என்று வைத்துவிட்டேன். பெரியாசுபத்திரி டொக்டரிடம் மச்சாளோடு போனேன், மருந்து தந்திருக்கிறார். ஆடி முழுக்கப் பலமுறை தவறினேன். போன வெள்ளியும் தவறினேன். உனக்கு ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பதால் அதையும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு ஐந்து நாள்.

பலகையை அருள்நாயகியிடம் கொடுத்துவிடுகிறேன். "ஞாயிறும் பெருநாளும் பியர் இல்லை" என்று நீ கேட்டபடி எழுதினேன். இடம் மிஞ்சியது, "கேட்கவும் வேண்டாம்" என்று நானாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அது செபஸ்ரியனுக்கு. முதல் வரியில் ஞா கொஞ்சம் வளைந்துவிட்டது. அழித்து எழுதியிருக்கலாம், விட்டுவிட்டேன். மூலையில் என் பெயரும் திகதியும் போட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

சட்டத்தைப் பற்றி உன்னோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. அதை ஆறுதலாகப் பிடிக்கலாம். கீழே மச்சாளுக்கு இடம் விட்டிருக்கிறேன், அவள் பேனைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

பின்னேரம் நாலு மணி. கொட்டில் வாசலில் இருந்து பார்த்தால் சந்தித் தவறணை தெரிகிறது. திறந்துதான் இருக்கிறது. நான் இன்னும் இங்கேதான் இருந்து எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
பரமநாதன்

கமலா, இவர் சொல்வது உண்மை. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். சிவமலர்.